எர்ணாகுளம் எழுத்தும் புதுக்கோட்டை சைக்கிளும்

வெலிங்டன் தீவில் வேலை என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் "குன்னூர் பக்கமா?" என்று கேட்கிறார்கள். அது வேறு வெலிங்டன், அங்கே இருப்பது ராணுவம். நான் இருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே காயலுக்குள் கிடக்கிற தீவில். கப்பல் சரக்குக்குக் காகித வேலை பார்க்கிற ஆபீஸ். எட்டு வருஷம் துபாயில் பொட்டி தட்டிவிட்டு, கொஞ்சம் ஊர்ப்பக்கம் நெருங்கலாம் என்று இங்கே வந்தவன். நெருங்கியும் புதுக்கோட்டைக்குப் போக ஒரு ராத்திரி ஆகிறது, அது வேறு கதை.

போன மாசம் ஆபீசில் ஒரு மீட்டிங். தீவைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் பயணம் நடத்தலாம் என்று முடிவு. பந்தயம் இல்லை, ஜாலியாக ஓட்டுவது. பதினைந்து கிலோமீட்டர், ஐந்நூறு பேர், பதிவுக் கட்டணம், டீ-ஷர்ட், முடித்தவர்களுக்கு ஒரு மெடல். பக்கத்து ஆபீஸ்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். ராத்திரியில் தமிழில் ஏதோ எழுதுகிற ஆள் என்று பெயர் இருப்பதால் எனக்கு வந்தது நோட்டீஸ். "அண்ணா, கொறச்சு ஹிஸ்டரியும் எழுதணே" என்றாள் கூட வேலை பார்க்கும் பெண்.

கொறச்சு என்றால் நாலு வரி. நாலு வரிக்காக உட்கார்ந்தவன் நாலு ராத்திரி உட்கார்ந்துவிட்டேன். நோட்டீசில் அடங்காததெல்லாம் இங்கே.

முதலில் இந்தத் தீவு

சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் கேரளத்தில் கிடைப்பது கஷ்டம். காரணம் எளிது, இது மனிதன் கொட்டிய மண். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920ல் கொச்சிக்கு வந்தார். காயலின் வாயில் மறித்துக்கொண்டு கிடந்த மணல்திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928 மே 26ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. அந்த வேலையில் தோண்டிய மண்ணை, வெண்டுருத்தி என்ற சின்னத் தீவை ஒட்டிக் கொட்டி நிரப்பியதில் கிடைத்தது கிட்டத்தட்ட 780 ஏக்கர். அப்போதைய வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். கொட்டி நிரப்பிய நிலம் என்பதால் மேடு பள்ளம் கிடையாது. கிழக்கே எர்ணாகுளம் வார்ஃப், மேற்கே மட்டாஞ்சேரி வார்ஃப், நடுவில் கோடவுன்கள், தேயிலை ஏல மையம், தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த ரோடு. தெற்குப் பக்கம் கடற்படை, அங்கே நமக்கு வேலையில்லை.

ஒரு காலத்தில் இந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் புதிய முனையம் திறந்ததும் பெட்டிகளெல்லாம் அங்கே போய்விட்டன. அதன்பிறகு ஞாயிறு காலையில் இந்தத் தீவில் காகமும் நாயும்தான். சைக்கிள் பயணம் நடத்த இது தோது என்று எவருக்கும் தோன்றும்.

ஊர் கூடி ஓட்டும் வழக்கம் எங்கே வந்தது?

சைக்கிள் வந்த நாளிலிருந்தே கிளப்புகளும் கூட்டுப் பயணங்களும் உண்டு. ஆனால் உறுப்பினர் இல்லாதவன், பந்தயக்காரன் இல்லாதவன், நேற்று வாங்கிய சைக்கிளோடு வருகிறவன் எல்லோரும் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஒரே ரோட்டில் ஓட்டுவது என்பது பெரும்பாலும் 1970களில் பிடித்த பழக்கம். பெட்ரோல் விலை ஏறிய காலம். நகரங்கள் காரால் மூச்சுமுட்ட ஆரம்பித்த காலமும் அதுதான். ஐந்து ஊர்களைப் பார்ப்போம்.

1974 டிசம்பர் 15. கொலம்பியாவின் பொகோட்டா. சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து இரண்டு பெரிய சாலைகளை மூன்று மணி நேரம் கார் இல்லாமல் மூடவைத்தார்கள். சுமார் 5,000 பேர் வந்தார்கள். அது ஓர் ஆர்ப்பாட்டம். 1976ல் மேயர் அதை நகரத்தின் ஏற்பாடாகவே ஆக்கினார். இன்று ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணியிலிருந்து 2 மணி வரை நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் ரோடு மக்களுக்கு. 'சிக்லோவியா' என்று பெயர். பதிவுக் கட்டணமும் இல்லை, டீ-ஷர்ட்டும் இல்லை.

1976. லண்டனிலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டன் வரை 54 மைல். சின்னக் கூட்டமாகத் தொடங்கியது. 1980ல் பிரிட்டனின் இதயநோய் அறக்கட்டளை ஒன்று கைகோத்தது. ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் "நான் பிரைட்டன் வரை ஓட்டுகிறேன், நீ எவ்வளவு தருவாய்?" என்று கேட்டு நன்கொடை திரட்ட வேண்டும். இதைவிடக் கெட்டிக்கார விளம்பரம் உண்டா? ஓட்டுகிறவரே நோட்டீசாக மாறிவிடுகிறார். கடைசியில் டிட்ச்லிங் பீக்கன் என்ற குன்றில் ஏற முடியாமல் பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். அதுவும் அந்தப் பயணத்தின் பெருமைதான், தள்ளுவதில் வெட்கமில்லை.

1977 ஜூன். நியூயார்க். இதன் தொடக்கம்தான் எனக்குப் பிடித்தது. இளைஞர் விடுதிச் சங்கமும் நகரப் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பாதுகாப்பு வகுப்பு நடத்தின. வகுப்பு முடிவில் ஒரு பரீட்சை வேண்டாமா? நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டு ஐம்பது மைல் ஓட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. கிளப்காரர்களும் சேர்ந்து சுமார் 250 பேர் ஓட்டினார்கள். பிறகு ஒரு வங்கி பணம் போட, கூட்டம் பெருகியது. இன்று முப்பதாயிரம் பேர் வருகிற 'ஃபைவ் போரோ' பயணம் ஒரு வகுப்பறையின் கடைசி நாளாகப் பிறந்தது.

1978. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். சைக்கிள் பாதை கேட்டு முதலில் ஒரு திரள் பயணம். அதன் தொடர்ச்சியாக அக்டோபரில் சுமார் நூறு கிலோமீட்டர் சுற்று. உள்ளூர்ப் பத்திரிகையான 'ஆர்கஸ்' ஆதரவு கொடுத்தது, 525 பேர் பெயர் கொடுத்தார்கள். பத்திரிகையே கூட நிற்கும்போது விளம்பரத்துக்குத் தனியாக அலைய வேண்டாம். பின்னாளில் அது 35,000 பேர் ஓட்டும் விழாவானது.

1985. கனடாவின் மான்ட்ரியால். அக்டோபர்க் குளிரில் 3,500 பேரோடு தொடங்கிய தீவுச் சுற்று. 1990களில் 45,000 ஆனது. எங்களைப் போலவே தீவைச் சுற்றுவது என்பதால் நோட்டீசில் இதைத்தான் முதலில் எழுதி வைத்தேன்.

ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரோட்டை மூட அனுமதி, வழிகாட்ட ஆள், தண்ணீர், முதலுதவி, பஞ்சர் ஒட்ட ஒரு மெக்கானிக், ஓட்ட முடியாதவரையும் அவர் சைக்கிளையும் ஏற்றிவர ஒரு வண்டி... இதெல்லாம் எங்கும் ஒன்றுதான். வித்தியாசம் செய்தியைச் சுமந்தது யார் என்பதில் இருக்கிறது. ஓர் ஊரில் நகராட்சி, ஓர் ஊரில் அறக்கட்டளை, ஓர் ஊரில் பள்ளிக்கூடம், ஓர் ஊரில் பத்திரிகை. யார் சுமந்தார்களோ அவர்களுக்கு எட்டிய ஆட்கள்தான் வந்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து ஊரிலும் வந்தவர்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தது. நியூயார்க் மட்டும்தான் கற்றுக்கொடுத்துவிட்டுக் கூப்பிட்டது.

இவ்வளவும் எழுதிவிட்டு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். தீவைச் சுற்றி சைக்கிள் விடப்போகிறோம், ஐந்நூறு பேர் என்று பெருமையாகச் சொன்னேன்.

"நல்லதுப்பா. உங்க ஆபீசுல கூட்டுற பொம்பளைகளும் வருவாகளா?"

"வரலாமேம்மா, யார் வேணாலும் வரலாம்."

"அதுகளுக்கு ஓட்டத் தெரியுமா தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு கண்டத்துச் சைக்கிள் வரலாறு படித்தவன், தினமும் என் மேஜையைத் துடைக்கிறவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யோசித்ததில்லை. அம்மா கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல முதலில் எர்ணாகுளத்துக்குத்தான் போக வேண்டும்.

எர்ணாகுளம், 1989

1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து நடத்தியது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடி, சுமார் 20,000 தொண்டர்கள் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணையிலும் மீன் கரையிலும் வகுப்பு. ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போய் ஆள் திரட்டின. வயதானவர்களுக்கு எழுத்து தெரியாததற்கு முன்னால் கண்ணே தெரியவில்லை என்று கண்டுபிடித்து, மூக்குக்கண்ணாடி சேகரித்துக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4ல் பிரதமர் வி.பி. சிங் வந்து, நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்.

அந்த மூக்குக்கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

எர்ணாகுளத்தைப் பார்த்து நாட்டின் பல மாவட்டங்கள் கிளம்பின. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோள்கொடுக்க 'அறிவொளி இயக்கம்' வந்தது. புதுக்கோட்டைக்கு 1991ல் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்.

புதுக்கோட்டை, 1991–92

எங்கள் மாவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வானம் பார்த்த பூமி, கல் குவாரி, தூரம் தூரமாகக் கிராமங்கள், நாளைக்கு நாலு தடவை வருகிற பஸ். அறிவொளிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்களாக வந்தவர்களில் பெண்கள் ஏராளம். ஆனால் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு அவர்கள் எப்படிப் போவது? பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வகுப்பு முடிந்துவிடும். அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு.

அதனால் பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று கலெக்டர் முடிவெடுத்தார். சைக்கிளை இயக்கத்தின் ஓர் அங்கமாகவே சேர்த்தார்கள். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதில் இன்ன வேலை என்று பொறுப்பு கொடுத்தார்கள். தொண்டர்கள் கற்றுக்கொண்டதும், அவர்களிடம் படிக்க வந்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அப்புறம் படிக்க வராதவர்களும் வந்தார்கள். முத்துபாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியது. நோட்டீஸ் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டுதானே நோட்டீஸ்?

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதினார், அவருடைய 1996 புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் தருகிற கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கழித்தால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். ஒரு கடைக்காரர் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதம் கூடியது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் குறைச்சலான கணக்குதான் என்கிறார் சாய்நாத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிவிட்டார்கள். தவிர, விசாரிக்க வந்தவர் சேல்ஸ் டாக்ஸ் ஆளோ என்று கடைக்காரருக்கு உள்ளுக்குள் பயம்! சிலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்தது. முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே.

கடைசியாகத்தான் ஊர்வலம். 1992 மார்ச் 8, பெண்கள் தினம். 1,500 பெண்களுக்கு மேல், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். ஊரே வாயடைத்து நின்றது. அறிவொளி நடத்திய சைக்கிள் காட்சிகளிலும் போட்டிகளிலும் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 70,000 பேருக்கு மேல் என்கிறது அதே கட்டுரை.

அதே 1992ல், ஆறு மாசம் கழித்து செப்டம்பர் 25ல், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் சில டஜன் பேர் வேலை முடிந்து வீட்டுக்குக் கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள். அதுதான் பின்னாளில் உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களுக்குப் பரவிய 'கிரிட்டிகல் மாஸ்'. சைக்கிள் வரலாறு பேசும் இடங்களில் அதைச் சொல்லாதவர் இல்லை. அந்தப் பட்டியல்களில் புதுக்கோட்டையை நான் பார்க்கவில்லை. அங்கே அது எழுத்தறிவு என்ற தலைப்பில் போய்விட்டது, பெண் விடுதலை என்ற தலைப்பிலும் போய்விட்டது. ஓட்டினது சைக்கிள்தானே ஐயா?

"அது பொழுதுபோக்கு இல்லையே, தேவைக்காக ஓட்டினது" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தண்ணீர் எடுக்க, காய் விற்க, குவாரி வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட என்று எல்லாம் அந்தச் சைக்கிளில் நடந்தது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சாய்நாத் எழுதுகிறார். அதை நானும் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகிறவள் நல்ல புடவை கட்டமாட்டாள். அது அவர்களுக்குத் திருவிழா. வீட்டுக்காரியம் எதுவும் இல்லாமல், எங்கேயும் போகாமல், சும்மா மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு அந்தப் பெண்களுக்கு அதற்குமுன் எப்போது அனுமதி கிடைத்தது?

நான் கையை விட்ட கதை

அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. எனக்குக் குரங்குப் பெடல் முடிந்து பார் மேல் ஏறி ஓட்டுகிற பருவம். அதனால் சைக்கிள் என்பது என் ராஜ்ஜியம். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அம்மா அறிவொளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், எட்டாவது வரை படித்தவர். ஒருநாள் சாயங்காலம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, "தம்பி, பின்னாடி கொஞ்சம் பிடிச்சுக்க" என்றார். மணிக்கு ஒரு ரூபாய் வாடகை.

பள்ளிக்கூட மைதானம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாவது சுற்றில் வேப்பமரத்தடியில் என் வகுப்புப் பையன்கள் நிற்பதைப் பார்த்தேன். சிரித்தார்கள். ஒருத்தன் ஏதோ சொன்னான், அதை இங்கே எழுத வேண்டாம். நான் கையை விட்டேன். விட்டதோடு நிற்காமல் வீட்டைப் பார்த்து ஓடிவிட்டேன். அம்மா விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பக்கத்துத் தெருப் பெரியம்மா வந்து பிடித்தார். பெரியம்மாவுக்கும் ஓட்டத் தெரியாது. ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க என்று மாற்றி மாற்றி ஒரு வாரத்தில் இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 8 ஊர்வலத்தில் அம்மாவும் போனார். நான் டீக்கடைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், யாரும் என்னைப் பார்த்துவிடக்கூடாது என்று. அடுத்த வருஷம் பஸ் வராத ஒரு நாளில் தங்கச்சியைப் பாரிலும் என்னைக் கேரியரிலும் வைத்து அம்மாதான் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நானும் பேசியதில்லை.

பிறகு நடந்தது

அறிவொளியின் வேகம் காலப்போக்கில் அடங்கியது. ஆனால் சைக்கிள் ஓட்டும் பெண் என்பது எங்கள் ஊரில் வேடிக்கையாக இல்லாமல் போனது. 2001–02ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, 2005–06ல் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. 2006ல் பீகார் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. இதெல்லாம் புதுக்கோட்டையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் கையில் கொடுத்தால் பெண் பிள்ளை ஓட்டுவாள் என்பதை ஒரு லட்சம் பேர் ஏற்கெனவே ஓட்டிக் காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நோட்டீசுக்காக ஆரம்பித்த தேடலில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். திரளாக ஓட்டும் நாளை எத்தனை பேர் வந்தார்கள் என்று அளக்கிறோம். அதற்கு முன்னால் எத்தனை பேருக்குச் சீட்டைப் பிடித்துக்கொடுத்தோம் என்று அளக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஐந்நூறு பேரைக் கூப்பிடுவது எளிது, அவர்கள் நாம் கூப்பிடாவிட்டாலும் எங்கேயாவது ஓட்டுவார்கள். எழுத்து சொல்லிக்கொடுக்கும் முன் எர்ணாகுளம் மூக்குக்கண்ணாடி கொடுத்தது. ஊர்வலத்துக்குக் கூப்பிடும் முன் புதுக்கோட்டை சைக்கிள் கற்றுக்கொடுத்தது.

திரும்பவும் தீவு

அடுத்த மீட்டிங்கில் நோட்டீசை நீட்டிவிட்டு இரண்டு கோரிக்கை வைத்தேன். ஒன்று, மெடல் வேண்டாம், அந்தக் காசில் வாடகைக்குச் சைக்கிள் எடுப்போம். இரண்டு, பயணத்துக்கு முன் நாலு ஞாயிறு, காலியாகக் கிடக்கிற கோடவுன் முற்றத்தில் ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். துப்புரவு, கேன்டீன் வேலை பார்க்கிற பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பதினைந்து கிலோமீட்டரோடு கூட மூன்று கிலோமீட்டர் சின்னச் சுற்றும் ஒன்று.

முணுமுணுப்பு இருந்தது. மெடல் இல்லாவிட்டால் கூட்டம் குறையும் என்றார் ஒருவர். நியாயம்தான், குறையலாம். தேதி தள்ளிப்போகும் என்றார் இன்னொருவர். தள்ளித்தான் போனது. நான் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். "எழுத்து எர்ணாகுளத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது, சைக்கிளை நாங்கள் சேர்த்துக்கொண்டோம், அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்" என்றேன். ஹிஸ்டரி கேட்ட பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அண்ணா, எனிக்கும் அறியில்லா" என்றாள். எம்.பி.ஏ. படித்தவள், கார் ஓட்டுகிறவள். எனக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். ஐந்து பேர் நல்ல புடவை, மற்றவர்கள் சுடிதார். எங்கள் மாடியைக் கூட்டுகிற சேச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல். பெடலில் கால் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "விடல்லே மோனே" என்றார். விடாதே என்று அர்த்தம். கேரியரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை நாலு சுற்று ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். பதினொரு பேர் வந்ததைச் சொன்னேன், சேச்சியைச் சொன்னேன். அப்புறம் அந்த வேப்பமரத்தடிக் கதையையும் சொன்னேன், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றும் சொன்னேன்.

அம்மா சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்டா. நீ கைய விட்டப்புறம் கொஞ்ச தூரம் நானாத்தான் ஓட்டுனேன். அப்புறம்தான் விழுந்தேன்" என்றார்.

இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கிறது. இப்போது வருகிறவர்கள் பத்தொன்பது பேர். வாடகை சைக்கிள் ஆறுதான் இருக்கிறது, இன்னும் நாலு தேட வேண்டும்.